வட்ட மேசையில் ஏழு மைக்: ஹைரோகிளிஃபிக்ஸின் ‘தேர்ட் ஐ விஷன்’

பழைய ஹிப் ஹாப்பைத் தேடிப் போகிற யாரும் ஒருநாள் ‘93 டில் இன்ஃபினிட்டி’ என்ற பாட்டில் வந்து நிற்பார்கள். பில்லி காபம் என்ற ஜாஸ் டிரம்மர் 1974-இல் வெளியிட்ட ஒரு இசையிலிருந்து சின்னத் துண்டை வெட்டி, வேகத்தைக் கூட்டிச் சுழலவிட்டு, அதன் மேல் நாலு பையன்கள் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்துப் பேசிக்கொண்டே போவார்கள். வெயில் தாழ்ந்த நேரத்தில் தெருமுனையில் கூட்டாளிகளோடு நிற்பது போல இருக்கும். பாடியவர்கள் சோல்ஸ் ஆஃப் மிஸ்சிஃப். கலிஃபோர்னியாவின் ஓக்லாண்ட் நகரத்துப் பையன்கள். அந்தப் பாட்டைச் செய்யும்போது இருபதைத் தொடாத வயது.

அந்தப் பாட்டைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது அதற்கு ஐந்து வருடம் கழித்து வந்த ஓர் ஆல்பத்தைப் பற்றி. அதே நால்வர், கூடவே இன்னும் மூன்று ராப் பாடகர்கள், ஒரு தயாரிப்பாளர், ஒரு டிஜே. இந்த ஒன்பது பேரின் குழுவுக்குப் பெயர் ஹைரோகிளிஃபிக்ஸ். ரசிகர்கள் ஹைரோ என்பார்கள். குழுவின் பெயரில் வந்த முதல் ஆல்பம் ‘தேர்ட் ஐ விஷன்’. நெற்றிக்கண் பார்வை என்று சொல்லலாம். 1998 மார்ச்சில் வந்தது. எந்தப் பெரிய நிறுவனமும் அதை வெளியிடவில்லை. ‘ஹைரோகிளிஃபிக்ஸ் இம்பீரியம்’ என்று அவர்களே ஒரு லேபிளைத் தொடங்கி அதில் வெளியிட்டார்கள்.

இன்று சுயாதீன இசை என்றால் பெரிய விஷயமாகத் தெரியாது. கையில் போன் இருந்தால் ராத்திரி பாடிக் காலையில் உலகத்துக்கே போட்டுவிடலாம். 1998-இல் அப்படி இல்லை. சிடி அடிக்க வேண்டும், அட்டை அச்சிட வேண்டும், அதைக் கடைக்குக் கொண்டு போக வேண்டும், கடைக்காரர் அதை அலமாரியில் வைக்க ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை வானொலியும் எம்டிவியும்தான் கொடுத்துக்கொண்டிருந்தன. இரண்டையும் திறக்கிற சாவி பெரிய நிறுவனங்களிடம் இருந்தது. இந்த ஆல்பம் அந்தச் சாவி இல்லாமல் வந்தது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. யாருக்குச் சொந்தமான ஆல்பம் என்பது அதன் ஓசையிலேயே கேட்கிறது. அதை விளக்கத்தான் இந்தக் கட்டுரை.

கதை டெல்லிடமிருந்து தொடங்குகிறது. ஊர் இல்லை, ஆள். முழு மேடைப்பெயர் டெல் த ஃபங்கி ஹோமோசேப்பியன். லாஸ் ஏஞ்சல்ஸின் புகழ்பெற்ற ராப் பாடகர் ஐஸ் கியூபுக்கு உறவுமுறைத் தம்பி. எலெக்ட்ரா நிறுவனத்தில் 1991-இல் அவருடைய முதல் ஆல்பம் வந்தபோது வயது பத்தொன்பது. ஐஸ் கியூபும் அவருடைய ஆட்களும் உடனிருந்து செய்துகொடுத்த ஆல்பம் அது. பழைய ஃபங்க் இசையின் கனமான பேஸ், சிரிப்பு மூட்டும் கதைகள். ‘மிஸ்டடாபலினா’ என்ற பாட்டு நன்றாக ஓடியது. ஆனால் டெல்லுக்கு அது தன் இசையாகப் படவில்லை. அவர் மனம் வேறிடத்தில் இருந்தது: கிழக்கு ஓக்லாண்டில் தன்னோடு வளர்ந்து, தன்னோடு ராப் பழகிய கூட்டாளிகளிடம். 1993-இல் வந்த இரண்டாவது ஆல்பத்தில் ஐஸ் கியூபின் வட்டத்தை விட்டு வெளியே வந்து தன் ஆட்களோடு வேலை செய்தார். ஓசை இருண்டது, டிரம்ஸ் இறுகியது, பாட்டுக்குப் பாட்டு எதிராளியைச் சொல்லால் மடக்குகிற வேகம் வந்தது. டெல் திறந்துவிட்ட கதவு வழியாக மற்றவர்களும் வந்தார்கள். அதே வருடம் சோல்ஸ் ஆஃப் மிஸ்சிஃபின் முதல் ஆல்பம் ஜைவ் நிறுவனத்தில் வந்தது. 1994-இல் குழுவின் இன்னொரு ராப் பாடகரான கேஷுவலின் ‘ஃபியர் இட்செல்ஃப்’, அதுவும் ஜைவில்.

அப்புறம் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள், அதாவது வெளியே அனுப்பப்பட்டார்கள். கேஷுவலுக்கு ஒரு ஆல்பத்தோடு முடிந்தது. சோல்ஸின் இரண்டாவது ஆல்பம் ‘நோ மேன்ஸ் லேண்ட்’ 1995-இல் வந்தது, சரியாகப் போகவில்லை, ஜைவ் கையை விரித்தது. டெல் மூன்றாவது ஆல்பத்துக்கு வேலை செய்துகொண்டிருந்தபோதே எலெக்ட்ரா அவரை விட்டுவிட்டது. இரண்டு மூன்று வருடத்துக்குள் ஒரு தலைமுறையின் மிகத் திறமையான பாடகர்களில் சிலர் ஒப்பந்தமில்லாமல் வீட்டுக்குத் திரும்பியிருந்தார்கள்.

ஏன் என்று கேட்டால், திறமைக் குறைவு என்று யாரும் சொன்னதில்லை. இடம் பொருந்தவில்லை. 1992 கடைசியில் டாக்டர் டிரேயின் ‘தி குரோனிக்’ வந்ததும் மேற்குக் கடற்கரை என்றாலே மெதுவான ஃபங்க், நீளமாக இழுக்கும் சிந்தசைஸர், துப்பாக்கிக் கதை என்ற படம் அமெரிக்கா முழுக்க மனதில் பதிந்துவிட்டது. ஜாஸ் லூப்பும் சொல்விளையாட்டும் நியூயார்க்கின் சொத்து என்று கருதப்பட்டது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்து நியூயார்க்காரர்களைப் போலச் சொல்லை அடுக்குகிற பையன்களை எந்த அலமாரியில் வைப்பது என்று விற்பனைக்காரர்களுக்குத் தெரியவில்லை. அலமாரி தெரியாத சரக்குக்கு விளம்பரக் காசு ஒதுக்கமாட்டார்கள். விளம்பரம் இல்லாத சரக்கு விற்காது. விற்காததைக் காட்டி ஒப்பந்தத்தை முடிப்பார்கள்.

பணத்தின் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்த இடம் புரியாவிட்டால் ‘சுயாதீனம்’ வெறும் வீரவசனமாகத் தெரியும்.

அன்றைய ஒப்பந்தங்களின் வடிவத்தை வைத்து ஒரு மாதிரிக் கணக்கு போடுகிறேன். சிடி விலை 16 டாலர். பாடகருக்குப் பன்னிரண்டு சதவீதம் என்று தாளில் இருக்கும். முதலில் டப்பா, அட்டைச் செலவு என்று விலையில் கால் பங்கைக் கழிப்பார்கள். கடைகளுக்கு இலவசமாகக் கொடுக்கும் பிரதிகள் என்று இன்னொரு கழிவு. மிச்சத்தில் தயாரிப்பாளரின் பங்கும் போகும். கடைசியில் ஒரு சிடிக்கு ஒரு டாலர் நின்றால் பெரிது. அந்த ஒரு டாலரும் உடனே கைக்கு வராது. கையெழுத்துப் போட்டபோது கொடுத்த அட்வான்ஸ், ஸ்டுடியோ வாடகை, வீடியோ செலவில் பாதி, ஊர் ஊராகப் போன செலவு எல்லாம் பாடகரின் பெயரில் கடனாக எழுதப்பட்டிருக்கும். அது 3 லட்சம் டாலர் என்று வையுங்கள். 3 லட்சம் சிடி விற்கும்வரை பாடகருக்கு ராயல்டியாக ஒரு காசு வராது. ஒன்றரை லட்சம் சிடி விற்றிருந்தால்? நிறுவனத்துக்கு மொத்த விலையாகச் சிடிக்கு பத்து டாலர் வீதம் 15 லட்சம் டாலர் வந்திருக்கும். பாடகர் இன்னும் ஒன்றரை லட்சம் டாலர் கடனாளி. நால்வர் குழு என்றால் அந்தக் கடனை நாலாகப் பிரித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

இதில் எனக்கு எப்போதும் உறுத்துகிற பகுதி கடைசியில் இருக்கிறது. கடன் முழுக்கத் தீர்ந்தாலும் மாஸ்டர் எனப்படும் மூல ஒலிப்பதிவு நிறுவனத்துக்கே சொந்தம். கிணறு வெட்டிய செலவு குத்தகைக்காரர் தலையில், கிணறு பண்ணையாருக்கு என்பது போல. சோல்ஸ் கையெழுத்திட்ட ஜைவும் அதன் தாய் நிறுவனமான சோம்பாவும் 2002-இல் பிஎம்ஜி என்ற பெரிய இசை நிறுவனத்துக்கு 200 கோடி டாலருக்கு மேற்பட்ட விலையில் கைமாறின. அப்படிக் கைமாறும்போது பாட்டுகளும் சொத்துப் பட்டியலில் ஒரு வரியாகப் போகும். பாடியவரைக் கேட்க வேண்டிய தேவை கிடையாது.

சொந்த லேபிளின் கணக்கு வேறு. விநியோகஸ்தர் சிடிக்கு எட்டு டாலர் கொடுக்கிறார் என்று வையுங்கள். அடிக்கிற செலவு ஒரு டாலர், அனுப்புவதற்கும் விளம்பரத்துக்கும் இரண்டு. ஐந்து டாலர் நிற்கும். 30,000 பிரதி போனால் ஒன்றரை லட்சம் டாலர் வீட்டுக்கு வருகிறது. பெரிய நிறுவனத்தில் 30,000 பிரதி என்றால் தோல்வி, அடுத்த வாரம் போனை எடுக்கமாட்டார்கள். இங்கே அதே எண் ஒன்பது பேருக்குச் சோறு போடும், அடுத்த ஆல்பத்துக்கு முதலும் ஆகும். மாஸ்டரும் பெட்டியில் பத்திரமாக இருக்கும்.

இந்தக் கணக்கை ஹைரோ புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர்கள் ஊரே அப்படிப்பட்ட ஊர். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் கிழக்குக் கரையில் இருக்கும் துறைமுக நகரம் ஓக்லாண்ட். இசை நிறுவனங்கள் எல்லாம் நியூயார்க்கிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் இருந்தன. இங்கே யாரும் தேடி வரமாட்டார்கள். அதனால் 1980-களிலேயே டூ ஷார்ட் என்ற ராப் பாடகர் கேசட்டுகளைப் பதிவு செய்து கையால் விற்றார். காசு கொடுத்துக் கேட்டவர்களுக்கு அவர்கள் பெயரையே வைத்துப் பாடிக் கொடுத்ததும் உண்டு. எம்சி ஹேமரும் காரின் டிக்கியில் ரெக்கார்டுகளை வைத்து விற்றுத்தான் தொடங்கினார். பக்கத்து ஊரான வயேஹோவில் ஈ-40 குடும்பத்தோடு சேர்ந்து சொந்த லேபிள் நடத்தினார். இவர்களின் இசைக்கும் ஹைரோவின் இசைக்கும் தூரம் அதிகம். ஆனால் டிக்கியைத் திறந்து விற்றால் விற்கும் என்பது அந்த ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயம். 1966-இல் கருஞ்சிறுத்தைகள் கட்சி பிறந்ததும் இதே ஓக்லாண்டில்தான். நமக்கானதை நாமே செய்துகொள்வோம் என்று குழந்தைகளுக்குக் காலை உணவு போட்ட கட்சி அது. அந்த நினைவு ஊர்க்காற்றில் இருந்திருக்கும் என்றே நான் நம்புகிறேன்.

ஹைரோ கூடுதலாகச் செய்தது, டிக்கிக்குப் பதில் இணையத்தைத் திறந்தது. 1995-இல், போன் கம்பியில் கீச்சிட்டுக்கொண்டு இணைப்பு வந்த காலத்தில், அவர்களுக்கு ஒரு இணையதளம் வந்துவிட்டது. ஹிப் ஹாப் உலகின் மிக ஆரம்பகாலத் தளங்களில் ஒன்று. நிறுவனங்கள் வெளியே விட்ட பிறகு அதுதான் கடை. 1997-இல் எலெக்ட்ரா விட்டுவிட்ட டெல்லின் பாட்டுகள் ‘ஃபியூச்சர் டெவலப்மென்ட்’ என்ற கேசட்டாக அந்த வழியில்தான் வெளிவந்தன. பழைய பாட்டுகளின் தொகுப்புக் கேசட்டுகளும் வந்தன. வானொலி மறந்துபோன பெயர்களை அமெரிக்காவின் எங்கோ ஒரு சிற்றூரில் இருக்கும் பையன் மறக்கவில்லை என்பதை அந்த ஆர்டர்கள் காட்டின. இந்த வேலையெல்லாம் தானாக நடக்கவில்லை. டாமினோ என்று ஒருவர். குழுவின் முக்கியமான தயாரிப்பாளர், மேலாளரும் அவர்தான். பாட்டுக்கு பீட், அதாவது ராப்புக்கு அடியில் ஓடும் இசை, செய்கிற கையே கணக்குப் புத்தகத்தையும் பிடித்தது. இப்படி ஒருவர் இல்லாததால் காணாமல் போன குழுக்கள் எத்தனையோ. ஹைரோவின் கதையைச் சொல்கிறவர்கள் பாடகர்களைச் சொல்லிவிட்டு அவரை விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, ஆல்பத்துக்கு வருவோம்.

அதில் ஒரு பாட்டுக்கு ‘மைக்ஸ் ஆஃப் த ரவுண்ட்டேபிள்’ என்று பெயர். ஆர்தர் அரசனின் வட்ட மேசை வீரர்களை வைத்துச் செய்த சிலேடை. வட்ட மேசைக்குத் தலைமாடு கிடையாது, யாரும் யாருக்கும் கீழே உட்காரவில்லை. அந்தத் தலைப்பே ஆல்பத்தின் அமைப்பு. அது வந்தபோது ஊருக்கு நன்றாகத் தெரிந்த பெயர் டெல். ஒரு நிறுவனம் இதை வெளியிட்டிருந்தால் அட்டையில் அவர் முகம் பெரிதாக இருந்திருக்கும், முக்கால்வாசிப் பாட்டில் அவர் குரல் இருந்திருக்கும், மற்றவர்கள் விருந்தாளிகளாக வந்து போயிருப்பார்கள். இங்கே அப்படி இல்லை. பாட்டுக்குப் பாட்டு ஆள் மாறுகிறது. ஒன்றில் மூவர், ஒன்றில் ஐவர், ஒன்றில் ஒருவரே. டெல்லுக்குத் தனியாக ‘அட் த ஹெல்ம்’ கிடைக்கிறது. கப்பலின் சுக்கானைப் பிடித்து நிற்பவன் என்று பொருள். ஆனால் அடுத்த பாட்டில் சுக்கான் வேறொருவர் கையில்.

இதனால் அதிகம் பலனடைந்தவர் பெப் லவ் என்று நினைக்கிறேன். அதுவரை சொந்தமாக ஓர் ஆல்பம் வராதவர்; முதல் தனி ஆல்பம் 2001-இல்தான் வந்தது. கூட்டாளிகளின் பாட்டுகளில் அங்கங்கே கேட்ட அந்த நிதானமான குரல் இங்கே மற்ற ஆறு பேருக்குச் சமமாக வந்து நிற்கிறது. கேஷுவல் ஓங்கி அடிப்பவர். டெல் மூக்கால் பேசுவது போல, சொல் எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியாமல் விளையாடுபவர். சோல்ஸின் நால்வரில் ஓபியோவின் குரலில் கரகரப்பு. ஃபெஸ்டோ அறிவியல் சொற்களை வரிக்குள் திணித்து அடைப்பவர். டஜாயும் ஏ-ப்ளஸும் நேராகப் பேசிக்கொண்டே இருந்து திடீரென்று ஒரு வளைவு எடுப்பார்கள். ஒரே பீட்டில் இவர்கள் வரிசையாக வரும்போது, ஒருவர் முடித்த வேகத்தை அடுத்தவர் வாங்கிக்கொள்வது தெளிவாகக் கேட்கும். பள்ளி நாளிலிருந்து வட்டமாக நின்று பாடிப் பழகியவர்களிடம் மட்டும் வருகிற ஒழுங்கு அது. ஹிப் ஹாப்பில் அந்த வட்டத்துக்கு சைஃபர் என்று பெயர்.

அவர்களின் சொற்கட்டைத் தமிழ் வாசகர்களுக்குச் சொல்ல ஒரு நல்ல வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் ரைம் என்பது பெரும்பாலும் நம்முடைய இயைபு: வரியின் கடைசி ஒத்து ஒலிப்பது. 1980-களின் தொடக்கத்து ராப் முழுக்க அப்படித்தான், வரி முடிவில் ஓர் அசை ஒத்தால் போதும். ரக்கிம் போன்றவர்கள் வந்து அதை மாற்றினார்கள். வரியின் நடுவிலும் ஒலி ஒத்தது. ஓர் அசைக்குப் பதில் மூன்று, நான்கு அசைகள் சேர்ந்து ஒத்தன. அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் ஹைரோ. நம் யாப்பில் ஓர் அடியின் எல்லாச் சீரிலும் எதுகை வந்தால் முற்றெதுகை என்போம். அந்த ஆசை இவர்களிடம் தீராமல் இருக்கிறது. வரியின் தொடக்கத்தில் பிடித்த ஒலியை முடிவுவரை விடாமல் இழுத்து, அடுத்த வரியின் நடுவில் கொண்டுபோய் இறக்குவார்கள். ஆங்கிலம் முழுக்கப் புரியாமல் கேட்டாலும் அந்த ஒலியின் பின்னலைக் காது பிடித்துவிடும். எனக்கு முதலில் பிடித்தது அதுதான். பொருள் பிறகு வந்தது.

ஆசுகவி என்று நாம் சொல்வதும் இவர்களிடம் உண்டு. நின்ற இடத்தில், கொடுத்த சொல்லில், உடனே கட்டிப் பாடுவது. ஃப்ரீஸ்டைல் என்பார்கள். அதிமதுர கவிராயருக்கு முன்னால் காளமேகம் நின்ற கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 1994-இல் நடந்த ஒரு சம்பவம் அந்நியமாகத் தெரியாது. கேஎம்இஎல் வானொலியில் ஹைரோ ஒரு பக்கம், ஓக்லாண்டின் இன்னொரு குழுவான ஹோபோ ஜங்ஷன் மறுபக்கம். கேஷுவலும் ஹோபோ ஜங்ஷனின் சஃபீரும் நேருக்கு நேர் மோதினார்கள். அங்கேயே கட்டியது எது, முன்பே எழுதி வைத்திருந்தது எது என்ற வழக்கு அதைக் கேட்டவர்களிடம் பல வருடம் ஓடியது. அதன் ஒலிப்பதிவு கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகலாகி ஊர் ஊராகப் போனது. ‘தேர்ட் ஐ விஷன்’ கேட்கும்போது அந்த மோதலின் சூடு இன்னும் ஆறாதது தெரியும். பாதிப் பாட்டுகள் பெயர் தெரியாத எதிராளியைப் பார்த்துப் பாடியவை. எங்களைவிட நன்றாகச் சொல் தொடுக்க யார் இருக்கிறார்கள், வா பார்க்கலாம் என்பதுதான் அவற்றின் சாரம். மூன்று வருடம் ஒப்பந்தமில்லாமல் வீட்டில் உட்கார்ந்தவர்கள் பாடுகிற ‘வா பார்க்கலாம்’ அது என்று நினைத்துக் கேட்டால் அதற்கு வேறு கனம் வருகிறது. ‘யூ நெவர் நியூ’ என்ற பாட்டின் தலைப்பே, உனக்குத் தெரியவே தெரியாது என்பதுதான்.

இசைப்பக்கம் அடக்கமானது. பெரும்பாலும் டாமினோவும் மற்ற சில உறுப்பினர்களும் தங்களுக்குள் செய்த பீட்டுகள். தடித்த பேஸ், மங்கலான பியானோ அல்லது எக்காளத்தின் ஒரு சின்னத் துண்டு, காய்ந்த டிரம்ஸ். வானொலிக்காக ஒரு பெண்குரல் பல்லவியை ஒட்டவைப்பது, எல்லோருக்கும் தெரிந்த பழைய ஹிட் பாட்டை அப்படியே எடுத்து மேலே ராப் போடுவது போன்ற அன்றைய சந்தை உத்திகள் இதில் தலைகாட்டவில்லை. பணமும் ஒரு காரணமாக இருந்திருக்கும். 1991 டிசம்பரில் பிஸ் மார்க்கி என்ற ராப் பாடகருக்கு எதிராக வந்த நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, அனுமதி வாங்காமல் அடுத்தவர் பாட்டின் துண்டை எடுத்தால் கடையிலிருந்து சிடியையே இறக்க வேண்டியிருக்கும் என்ற பயம் எல்லோருக்கும் வந்துவிட்டது. தெரிந்த பாட்டுக்கு அனுமதி வாங்கப் பெரும் தொகை வேண்டும். சிறிய லேபிள்கள் அதனால் சின்னத் துண்டுகளை எடுத்து, அடையாளம் தெரியாமல் வெட்டித் தைத்தன. அந்தக் கால சுயாதீன ஹிப் ஹாப்பின் மங்கிய, தூசி படிந்த ஓசைக்கு ரசனையோடு சேர்ந்து இந்த நெருக்கடியும் ஒரு காரணம்.

அதே 1997, 98-இல் வானொலியில் ஓடியது எது என்று பார்த்தால் வித்தியாசம் புரியும். ராப் பாடகர் பஃப் டாடியின் பளபளப்புச் சட்டைக் காலம் அது. போதாக்குறைக்கு 1996-இல் அமெரிக்காவில் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை வானொலி நிலையம் வைத்துக்கொள்ளலாம் என்ற வரம்பையே எடுத்துவிட்டது. சில வருடத்துக்குள் ஒரே நிறுவனம் ஆயிரத்துக்கு மேற்பட்ட நிலையங்களை வாங்கிக் குவித்தது. ஊர்க்காரப் பையனின் பாட்டைத் தன் இஷ்டத்துக்குப் போடுகிற உள்ளூர் அறிவிப்பாளர் அரிதாகிப் போனார். ஆக, வானொலி வழி அடைபட்டுக்கொண்டிருந்த அதே நேரத்தில்தான் ஹைரோ வேறு வழியில் நடக்கத் தொடங்கியது. தனியாகவும் இல்லை. நியூயார்க்கில் கம்பெனி ஃப்ளோ என்ற குழு 1997-இல் ‘ஃபங்க்ரஷர் பிளஸ்’ வெளியிட்டிருந்தது. அதே வடக்குக் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழக வானொலியில் கூடிய மாணவர்கள் சோல்சைட்ஸ் என்ற லேபிளை நடத்தினார்கள். டிஜே ஷேடோ அங்கிருந்து வந்தவர். 1996-இல் ஸ்டோன்ஸ் த்ரோ என்ற லேபிளும் தொடங்கியிருந்தது. ஆனால் பெரிய நிறுவனத்துக்குள் போய்ப் பார்த்து, அடிபட்டு, வெளியே வந்து, முழுக் கூட்டமும் கலையாமல் மறுபடி ஒரே இடத்தில் நின்றது என்று பார்த்தால் ஹைரோவுக்கு ஈடாக எனக்கு இன்னொரு குழு உடனே நினைவுக்கு வரவில்லை.

குறையும் சொல்ல வேண்டும். ஆல்பம் நீளம். இருபதுக்கு மேற்பட்ட தடங்கள், ஒரு மணி நேரத்தைத் தாண்டி ஓடுகிறது. சிடியில் இடம் இருந்தால் நிரப்பிவிடுவது அன்றைய பழக்கம். நாலைந்து பாட்டுகளை எடுத்திருந்தால் மிச்சம் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். எதிராளியை அடிக்கும் பாட்டுகள் தொடர்ந்து வரும்போது, எவ்வளவு அழகாகச் சொன்னாலும், ஒரு கட்டத்தில் காது களைத்துப் போகிறது. தங்கள் வாழ்க்கையில் நடந்ததை, அந்த மூன்று வருடம் எப்படிப் போனது என்பதை, நேராகச் சொல்கிற இடங்கள் இன்னும் இருந்திருக்கலாம் என்று எனக்கு ஏக்கம் உண்டு. நிறுவனத்துக்காரர் ஒருவர் இருந்தால் வெட்டச் சொல்லியிருப்பார். வட்ட மேசையில் யார் யாருடைய பாட்டை வெட்டச் சொல்வது? எல்லோருக்கும் இடம் கொடுத்ததுதான் ஆல்பத்தின் பலம், நீளமும் அதே காரணத்தால் வந்ததுதான்.

அப்புறம் அந்த முகம். ஒரு வட்டம், அதற்குள் மூன்று கண், கீழே நேர்கோடாக ஒரு வாய். சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. டெல் வரைந்த சின்னம் அது. மாயன் எண்முறையில் மூன்று புள்ளியும் கீழே ஒரு கோடும் எட்டைக் குறிக்கும். எட்டைப் படுக்கவைத்தால் முடிவிலியின் குறி. நெற்றியில் மூன்றாவது கண்ணைப் பார்த்ததும் நமக்கு வேறு நினைவு வருவதைத் தடுக்க முடியாது, ஆனால் அவர்களின் வழி வேறு. ஆல்பத்தின் பெயரும் சின்னமும் ஒன்றையொன்று விளக்கின. டிசர்ட்டிலும் தொப்பியிலும் ஸ்கேட் பலகையிலும் அந்த முகம் ஏறியது. பாட்டைக் கேட்காதவர்கள்கூட அதை அணிந்தார்கள். சுயாதீனக் குழுவுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆல்பம் விற்கிற வருடமும் இருக்கும், விற்காத வருடமும் இருக்கும். நிகழ்ச்சி வாசலில் டிசர்ட் எல்லா வருடமும் விற்கும். அந்தக் காசும் இடைத்தரகர் இல்லாமல் வரும். பிற்காலத்தில் இசைப்பதிவின் விலையே சரிந்தபோது மற்ற பாடகர்கள் கற்றுக்கொண்ட பாடத்தை இவர்கள் முன்பே படித்துவிட்டார்கள்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டெல் 2000-இல் டேன் தி ஆட்டோமேட்டரோடும் கிட் கோவாலாவோடும் சேர்ந்து ‘டெல்ட்ரான் 3030’ செய்தார். அடுத்த வருடம் கொரில்லாஸ் குழுவின் ‘க்ளின்ட் ஈஸ்ட்வுட்’ பாட்டில் அவருடைய குரல் உலகம் முழுக்கக் கேட்டது. அவர் குரல் என்று தெரியாமல் கேட்டவர்கள்தான் அதிகம். இவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகும் அவர் வட்டத்தை விட்டுப் போகவில்லை. குழுவின் இரண்டாவது ஆல்பம் ‘ஃபுல் சர்க்கிள்’ 2003-இல், மூன்றாவது ‘தி கிச்சன்’ 2013-இல், இரண்டும் சொந்த லேபிளில். இடையில் ஒவ்வொருவரின் தனி ஆல்பங்களும் வந்துகொண்டிருந்தன. எண்ணிக்கையில் எதுவும் கோடிகளைத் தொடவில்லை.

2012 செப்டம்பர் 3, அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. ஓக்லாண்ட் மேயராக இருந்த ஜீன் குவான் அந்த நாளை ‘ஹைரோ டே’ என்று அறிவித்தார். தேதியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வழக்கப்படி அது 9/3, அந்தப் பழைய பாட்டின் 93. தெருவில் மேடை போட்டு, நுழைவுக் கட்டணம் இல்லாமல், ஊர் மக்கள் முன் பாடினார்கள். பதின்வயதில் சேர்ந்து நின்ற பையன்களுக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. சிறுவர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் அந்த மூன்று கண் முகம் போட்ட சட்டையோடு நின்றார்கள். ‘93 டில் இன்ஃபினிட்டி’யின் பதிவு அவர்கள் பதின்வயதில் போட்ட கையெழுத்தோடு வேறு கைக்குப் போய்விட்டது. அந்த மேடையும், லேபிளும், சட்டையில் இருந்த முகமும் அவர்களுடையவை.